இடக்கன்னம்

கலாமா ஊரில், பேருந்து நிலையத்துக்கு எதிரே,
மருந்துக்கடையின் மேல்மாடியில் என் ஸ்டூடியோ.
சுரங்கத்துக்கு, துறைமுகத்துக்கு, கல்யாணப் பதிவுக்கு,
கேட்டால் கல்லறைப் பலகைக்கும்
நான்கு சென்டிமீட்டரில் முகம் எடுத்துத் தருவேன்.

நொல்பெர்த்தோ சோக்கே வந்தது ஒரு செவ்வாய்.
துறைமுக நுழைவு அட்டைக்குப் படம் வேண்டும்.
படிவத்தில் பிறந்த ஆண்டு: கணக்குப் போட்டால் நாற்பத்து நான்கு.
நிமிர்ந்தேன்.
படிவத்தை இன்னொரு தரம் பார்த்தேன்.

அவருக்கு அது பழக்கம்.
"பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறார்கள்," என்றார்.
"கால் வலிக்கிற நாளில் மறுப்பதில்லை."

உட்கார்ந்தார்.
விளக்கை வலப்பக்கம் வைத்தேன்: ஒரு வாலிபன்.
இடப்பக்கம் நகர்த்தினேன்.
கண்ணுக்குக் கீழே தோல் மடிந்து மடிந்து,
கன்னம் தன் எடை தாங்காமல் தாடையோரம் இறங்கி,
காதருகே தழும்புபோல் தடித்துப் பழுத்திருந்தது.
மூக்குத்தண்டுதான் எல்லைக்கோடு.
அந்தப் பக்கம் ஓர் ஆள்,
இந்தப் பக்கம் அவனுடைய மாமனார்.

"எத்தனை வருஷமாய் லாரி?"
"இருபத்திரண்டு."

இரவில் செம்புத் தகடுகளோடு கடலுக்கு இறங்குவார்.
விடிந்தபின் வெறும் வண்டியைக் கிழக்கே ஏற்றுவார்.
எங்கள் பாதி உலகில் சூரியன் வடக்கே சாய்ந்து நடக்கும்;
கிழக்கே போகிறவனுக்கு வடக்கு இடக்கைப் பக்கம்;
ஓட்டுநர் இருக்கையும் அதே பக்கம்.
கண்ணாடி மணலைத் தடுக்கும், வெயிலை விட்டுவிடும்.
நிழல் விழ
அந்தச் சாலையில் ஒரு மரம்கூடக் கிடையாது.

வலக்கன்னம் அத்தனை வருஷமும்
காலி இருக்கையின் பக்கம் இருந்தது.
கோடை விடுமுறையில் மகள் யஸ்னா அதில் உட்காருவாளாம்,
உப்புப் படுகை வருமுன் தூங்கிப்போவாளாம்.
சுங்கச்சாவடிப் பெண்களுக்கு இடப்பக்கம் மட்டும்தான் தெரியும்.
"பார்த்துப் போங்கள், பெரியவரே" என்பார்களாம்.
மகள் பாதித் தூக்கத்தில் கேட்பாளாம்:
யாரைச் சொல்கிறார்கள், அப்பா?

படத்தைக் கணினியில் திறந்தேன்.
சுருக்கம் அழிக்க அதில் ஒரு தூரிகை உண்டு.
மணப்பெண்களின் தாய்மார்கள் புண்ணியத்தில்
என் வாடகையே அதிலிருந்துதான்.
"இரண்டு பக்கத்தையும் சமமாக்கித் தரட்டுமா?"
திரையருகே குனிந்தார்.
"எதை எதுவாக்குவீர்கள்?"

மவுஸின் மேல் என் கை நின்றது.

பிறகு, விலை விசாரிக்கிற அதே குரலில்:
"உங்களுக்கு என்ன வயசு?"
"சொல்லுங்கள் பார்ப்போம்."
பார்த்தார். தூரத்தில் எதுவும் குறுக்கே வருகிறதா என்று
சாலையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.
"ஐம்பத்தாறு."

எனக்கு நாற்பத்தேழு.
இந்த அறைக்கு ஜன்னலே இல்லை.
பத்தொன்பது வருஷமாய்க் கறுப்புத் திரை, குடைவிளக்கு.
வீட்டிலிருந்து இங்கே நடக்கப் பதினொரு நிமிஷம், அதுவும் தொப்பியோடு.
களிம்பு பூசுகிறேன். சிகரெட் கிடையாது.
அந்த ஒன்பதும் ஒரே குளிர்காலத்தில் வந்து சேர்ந்தவை.
ஜூன் தொடங்கி ஆகஸ்ட் முடிய,
மருத்துவமனை நான்காம் மாடி, ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் நாற்காலி,
கதவு திறந்தபோதெல்லாம் எழுந்து நின்றது.
கடைசியில் ஒருமுறை எழுந்து நிற்காமல் இருந்தது.
எனக்கு இரண்டு பக்கமும் ஒரேபோல் விழுந்துவிட்டது,
அதனால் யாரும் காரணம் கேட்பதில்லை.

"கிட்டத்தட்ட சரி," என்றேன்.

தூரிகை தொடாமல் அச்சிட்டுக் கொடுத்தேன்.
துறைமுகக் காவலாளி படத்தையும் ஆளையும்
மாறி மாறிப் பார்ப்பான். பார்க்கட்டும்.

படியில் இறங்கியவர் நடுவில் நின்று
ஒரு படத்தை மூக்கின் வழியே நீளவாக்கில் மடித்தார்.
இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார்.
எது வெளியே தெரியும்படி
சட்டைப்பையில் வைத்தார் என்று
கதவருகே நின்ற எனக்குத் தெரியவில்லை.